நல்லாத்தான் பண்றே, அம்மணி

ஆசிரியருக்கு வணக்கம்.

வேலையில் மேலே வரவேண்டுமானால் மேலதிகாரியிடம் போய் உங்கள் குறைநிறைகளைக் கேளுங்கள் என்று போன ஞாயிறு இதழில் எழுதியிருந்தீர்கள். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களை மனதில் வைத்து எழுதியது போலத் தெரிந்தது. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். பிசிறு வெட்டுவதில் ஆரம்பித்து, தைத்து வந்த பீஸில் குறை பார்க்கும் செக்கிங் டேபிளில் ஒன்பது வருஷம் நின்று, இப்போது அதே கம்பெனியில் க்யூ.சி.யாக, அதாவது தரக் கட்டுப்பாட்டு வேலையில் இருக்கிறேன். கேளுங்கள் என்றீர்கள், சரி. எப்படிக் கேட்பது என்பதை விட்டுவிட்டீர்கள். நான் தடுக்கி விழுந்ததே அங்கேதான்.

க்யூ.சி. இடம் எங்கள் யூனிட்டில் இரண்டு தடவை காலியானது. இரண்டும் எனக்குப் பின்னால் சேர்ந்த பையன்களுக்குப் போனது. முதல் தடவை வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் தடவை, சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கும்போது மேனேஜரிடம் கேட்டேவிட்டேன். "ஏனுங்ண்ணா, எங்கிட்ட என்ன குறை?"

கவர்களை எண்ணிக்கொண்டே சொன்னார்: "உனக்கென்ன அம்மணி, நல்லாத்தான் பண்றே."

அந்த வாரம் பூராவும் அதே பேச்சுதான் மண்டையில் ஓடியது. நல்லாத்தான் பண்ணுகிறேன் என்றால் ஏன் இந்த டேபிளிலேயே நிற்கிறேன்? திட்டியிருந்தால்கூட எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன்.

மத்திய அரசு ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம் புலம்பியபோது அவர் ஒரு வழக்கைச் சொன்னார். எல்லைச் சாலைப் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு 1993-94ஆம் வருஷ ரகசியக் குறிப்பில், அதாவது மேலதிகாரிகள் வருஷா வருஷம் ஊழியரைப் பற்றி எழுதும் குறிப்பில், 'நன்று' என்று எழுதியிருந்தார்களாம். கண்காணிப்புப் பொறியாளர் ஆக 'மிக நன்று' வேண்டும். நன்று என்பது கெட்ட பெயர் இல்லையே என்று அதை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. பதவி உயர்வு கை நழுவியது. பதவி உயர்வைத் தடுக்கிற 'நன்று' பாதகமான குறிப்புதான், எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சொன்னது. அதற்குள் மனிதர் ஓய்வே பெற்றுவிட்டார். 2009இல் மத்திய அரசு, முழுக் குறிப்பையும் ஊழியரிடம் காட்டும்படி உத்தரவு போட்டதாம். பனியன் கம்பெனியில் குறிப்பும் கிடையாது, கோர்ட்டும் கிடையாது. ஆனால் என்னை நிறுத்தி வைத்த வார்த்தையும் அந்த 'நல்லா'தான் என்று அன்றைக்குப் புரிந்தது.

அடுத்த சனிக்கிழமை கேள்வியை மாற்றினேன். "நான் பாஸ் பண்ணி ஆடிட்ல மாட்டின பீஸ் எதெதுன்னு மட்டும் காட்டுங்ண்ணா." பேக்கிங்குக்கு முன்னால் எங்கள் ஆட்களே ஒரு ஆடிட் எடுப்பார்கள். பீஸில் ஒட்டிய ஸ்டிக்கரில் செக்கர் நம்பர் இருக்கும். பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், அனுப்புகிற ஆள் வருவதற்குள் பிடித்தாக வேண்டும். 2,000 பீஸ் ஆர்டரென்றால், எத்தனை குறை வரைக்கும் ஏற்கலாம் என்று சொல்கிற ஏ.க்யூ.எல். 2.5 கணக்கில் அவர் 125 பீஸை உருவிப் பார்ப்பார். ஏழு பெரிய குறை வரைக்கும் பாஸ். எட்டாவது வந்தால் 2,000 பீஸும் திரும்ப எங்கள் டேபிளுக்கு.

என்ன குறை என்றதற்கு வாய் வராத மனிதர், எந்த பீஸ் என்றதும் பீரோவைத் திறந்தார். இரண்டு மாதத்துக்கு என் நம்பரில் பதினொரு பீஸ். ஏழு, உடம்புக்கும் கைக்கும் கலர் சேராதவை. மூன்று, செஸ்ட் அளவு கூடியவை. ஒன்று, கழுத்து ரிப்பில் தையல் விட்டது.

கலர் பீஸ்களின் பண்டில் நம்பரை என் செக்கிங் நோட்டோடு வைத்துப் பார்த்தேன். ஏழும் சாயங்காலத்துக்கு மேல், பகல் ஷிப்டை ஒட்டி வருகிற அரை ஷிப்டில் பார்த்தவை. வேறு வேறு தடவை சாயம் போட்ட துணி என்றால், பகல் வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். ட்யூப்லைட் அடியில் ஒன்றுபோலவே இருக்கும். க்யூ.சி. ரூமில் அதற்கென்றே விளக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள், செக்கிங் பக்கம் கிடையாது. ஆக, அது முழுக்க என் தப்பில்லை. கலர் பீஸைக் காலையிலும் வெள்ளையை ராத்திரியிலும் கொடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

செஸ்ட் அளவு மட்டும் என் தப்பு, சாக்கே சொல்ல முடியாது. டேப் கழுத்தில் தொங்கும், வைத்துப் பார்க்க மாட்டேன். ஒன்பது வருஷக் கண் என்கிற திமிர்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே கேள்வி. பதிலை மகளுடைய பழைய ரஃப் நோட்டில் எழுதி வைத்தேன். மற்றவர்களும் இலவசமாக நிறையச் சொன்னார்கள். "சூப்பர்வைசருங்ககிட்ட கொஞ்சம் சிரிச்சுப் பேசு" என்று ஒருவர். அது நோட்டில் ஏறவில்லை.

மூன்றாவது தடவை இடம் வந்தபோது நோட்டைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு அப்போதுதான் மனதில் இருந்ததைச் சொன்னார். "பையர் ஆளுகிட்ட பேசோணும், ஷிப்மெண்ட் சமயத்துல ராத்திரி நிக்கோணும். பொம்பளப் புள்ள ஒத்துவருமோ என்னமோன்னு நானா நெனச்சுக்கிட்டேன்." இரண்டு தடவையும் என்னைத் தள்ளிய காரணம் இதுதான். அது எந்த ஆடிட் ஷீட்டிலும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என் மாமியார் வீட்டோடு இருக்கிறார், மகளைப் பார்த்துக்கொள்வார் என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். வேலை கிடைத்தது. சம்பளம் நினைத்த அளவுக்கு ஏறவில்லை, அது வேறு கதை.

கம்பெனி நடத்துகிறவர்களும் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆடிட் ஷீட்டை பீரோவில் பூட்டாமல் அன்றன்றைக்கே செக்கர்களிடம் காட்டுங்கள். பதினொரு பீஸைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருஷம் ஆனது. எங்கள் யூனிட்டில் ஷீட்டைச் செக்கிங் பக்கமே மாட்டச் சொல்லி இரண்டு மாதமாகிறது. இதுவரை ஆணி அடித்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பூர்.