அந்தத் தாத்தாவுக்குச் சோறு யார் போடுவார்கள்?

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலப் பாடநூல் எழுதுகிறவர்களுக்கும், அதிலிருந்து வினாத்தாள் எடுக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கப் போவதில்லை. ஷேக்ஸ்பியரை எடுத்துவிடுங்கள் என்றோ, இன்னும் நான்கு பாடம் சேருங்கள் என்றோ சொல்ல வரவில்லை. இருக்கிற ஒரு பாடத்துக்கு முன்னால் அரைப் பக்கம், பின்னால் எட்டு வரி. அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்குத்தான் இந்த மடல் நீள்கிறது.

2019-20 கல்வியாண்டில் வந்த பிளஸ் டூ புத்தகத்தில் ஷேக்ஸ்பியரின் 'ஆல் த வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' ஒரு கவிதையாக இருக்கிறது. உலகம் ஒரு நாடக மேடை, ஆணும் பெண்ணும் அதில் நடிகர்கள், ஒரு மனிதன் தன் காலத்தில் ஏழு வேடம் கட்டுகிறான். செவிலியின் கையில் சிணுங்கிக்கொண்டு கக்கும் குழந்தை. பையை மாட்டிக்கொண்டு நத்தைபோலப் பள்ளிக்கு நகரும் பையன். உலைபோலப் பெருமூச்சு விடும் காதலன். பீரங்கியின் வாயில் போய்ப் பேர் தேடும் சிப்பாய். தொப்பை வைத்த நீதிபதி. கால் சூம்பி, காற்சட்டை தொளதொளத்து, குரல் கீச்சென்று மாறிப்போன கிழவர். கடைசியில் பல் இல்லை, கண் இல்லை, ருசி இல்லை, எதுவுமே இல்லை.

பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் பிடிக்கும். கஷ்டமான சொற்கள் இருக்கின்றன. 'பார்ட்' என்றால் சிறுத்தை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஆனால் நத்தைப் பையன் வந்த உடனே வகுப்பில் யாரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நீதிபதியின் வயிறு 'கேபன்' தின்று நிரம்பியிருக்கிறது என்று ஒரு வரி. கைடில் 'கேபன் என்றால் கோழி' என்று போட்டிருக்கும். அது காயடித்துக் கொழுக்கவைத்த சேவல், அந்தக் காலத்தில் நீதிபதிகளுக்குக் கையூட்டாகப் போய்ச் சேர்ந்த பண்டம் என்று சொன்னால் போதும், கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்காரும். அப்புறம் அந்த வரியை நான் விளக்க வேண்டியதே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி மழை நாளில், இந்தப் பாடத்தை முடித்துவிட்டுப் பலகையில் அணிகளை எழுதத் திரும்பினேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அதிகம் பேசாத பிள்ளை. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த பாட்டிக்கு உடம்பு துடைத்து, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவாள். அதனால் வாரத்தில் பாதி நாள் காலை வழிபாட்டுக்குத் தாமதம்.

"மிஸ், பல்லும் இல்ல, கண்ணும் தெரியல. அந்தத் தாத்தாவுக்குச் சோறு யாரு போடுவாங்க?"

"அது கவிதையில இல்லம்மா" என்றேன். சொல்லிவிட்டு சிமிலி, மெட்டஃபர் என்று எழுத ஆரம்பித்துவிட்டேன்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்தக் கவிதை வருகிற நாடகம் கல்லூரியில் எனக்குப் பாடமாக இருந்தது. ஆனால் நான் படித்தது நாடகத்தை அல்ல, நோட்ஸை. எழுந்துபோய் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தை எடுத்து இரண்டாம் அங்கம் ஏழாம் காட்சியைத் திறந்தேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில், நம் பாடம் முடிகிற இடத்துக்கு அடுத்த வரியிலேயே இருந்தது.

உங்களில் பலருக்கு இந்தக் காட்சி நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனாலும் அதை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வழக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. தம்பியால் நாடு பறிக்கப்பட்ட பிரபு ஒருவர் ஆர்டன் காட்டில் தன் ஆட்களோடு சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். ஆர்லாண்டோ என்ற இளைஞன் கத்தியை உருவிக்கொண்டு பாய்கிறான், சோற்றைத் தொடாதே என்கிறான். பிரபு கோபப்படவில்லை. உட்கார், சாப்பிடு, உனக்கு இங்கே நல்வரவு என்கிறார். அவன் வெட்கிப்போகிறான். என்னோடு ஒரு ஏழைக் கிழவர் இருக்கிறார், என்மேல் வைத்த அன்பு ஒன்றுக்காகவே இவ்வளவு தூரம் நொண்டிக்கொண்டு வந்தவர், வயோதிகமும் பசியும் அவரை வாட்டுகின்றன, அவர் சாப்பிடாமல் நான் ஒரு வாய் தொட மாட்டேன், பெண்மான் தன் குட்டியைத் தேடிப் போவதுபோல நான் போய் அவரைக் கொண்டுவருகிறேன் என்கிறான். கவனியுங்கள், இளைஞன் தாய் மான், எண்பதை நெருங்குகிற கிழவர் குட்டி. அந்தக் கிழவர் பெயர் ஆடம். வேலைக்காரர். எஜமானன் வீட்டில் காலமெல்லாம் உழைத்துத் தன் முதுமைக்கென்று சேர்த்துவைத்த 500 கிரவுன் காசை இந்தப் பையன் உயிர் தப்புவதற்காக எடுத்துக் கொடுத்துவிட்டு, கூடவே கிளம்பி வந்தவர்.

ஆர்லாண்டோ போகிறான். நீ வரும்வரை ஒரு பருக்கையும் வீணாகாது என்கிறார் பிரபு. பிறகு கூட இருப்பவர்களிடம், பார்த்தீர்களா, துன்பப்படுவது நாம் மட்டும் இல்லை, இந்தப் பரந்த உலக அரங்கில் நம்முடையதைவிடத் துயரமான காட்சிகள் நடக்கின்றன என்கிறார். அந்த 'அரங்கு' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பிரபுவின் ஆட்களில் ஒருவனான ஜேக்விஸ் பேசத் தொடங்குகிறான்: உலகமே ஒரு மேடை. நம் பிள்ளைகள் கவிதையின் முதல் வரி என்று படிப்பது, உண்மையில் ஒருவர் சொன்னதற்கு இன்னொருவன் சொல்லும் மறுமொழி. அவன் பேசுகிற அந்த 28 வரி நேரம், காட்டுக்குள் ஒரு இளைஞன் ஒரு கிழவரைத் தேடித் தூக்கிக்கொண்டு வருகிற நேரம்.

ஜேக்விஸ் முடிக்கிறான், எதுவுமே இல்லை என்று. அந்தச் சொல் காற்றில் இருக்கும்போதே ஆர்லாண்டோ ஆடமைச் சுமந்துகொண்டு மேடைக்குள் வருகிறான். பிரபு சொல்கிறார்: வாருங்கள், மதிப்புக்குரிய அந்தச் சுமையை இறக்கி வையுங்கள், அவர் சாப்பிடட்டும்.

சோறு யார் போடுவார்கள் என்று அந்தப் பெண் கேட்டாளே, இதுதான் பதில். 1599 வாக்கில் எழுதப்பட்ட பதில். அதை நாம் பாடத்தில் வைக்கவில்லை. வைக்காததோடு, கவிதையின் மையக் கருத்து என்ன என்ற கேள்விக்கு 'மனித வாழ்வு நிலையற்றது, முதுமை பரிதாபமானது' என்று எழுதவைத்து மதிப்பெண்ணும் போடுகிறோம். அது ஷேக்ஸ்பியரின் கருத்து இல்லை, ஜேக்விஸ் என்ற சலிப்புக்காரனின் கருத்து. ஷேக்ஸ்பியர் அவனை அழகாகப் பேசவிட்டு, பேசி முடித்த கணத்தில் அதை மறுக்கிற ஒரு கிழவரையும் உள்ளே கொண்டுவருகிறார். ஆடமுக்கு நன்றி சொல்லக்கூடத் தெம்பில்லை. அதை அவரே சொல்கிறார். ஆனால் 'எதுவுமே இல்லாதவர்' இல்லை அவர். அவரைச் சுமக்க ஒருவன் இருக்கிறான்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. தேர்வில் நாம் கேட்கிற கேள்விக்குப் பெயரே இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக என்பதுதான். பிள்ளைகள் ஈ.ஆர்.சி. என்பார்கள். இடம் என்ற பகுதியில் என்ன எழுதுகிறார்கள்? 'திஸ் லைன் இஸ் டேக்கன் ஃப்ரம்' என்று தொடங்கி, கவிதையின் பெயர், கவிஞரின் பெயர். எல்லா வரிக்கும் அதே வாய்பாடு. யார் சொன்னது, யாரிடம், எந்த நேரத்தில் என்பது எதிலும் இல்லை. இடத்தை நாம் சொல்லித்தரவே இல்லையே, அவர்கள் எப்படிச் சுட்டுவார்கள்?

இதே பிள்ளைகள் அடுத்த பீரியடில் தமிழ் வகுப்பில் அப்படிப் படிப்பதில்லை. குறுந்தொகைப் பாட்டு என்றால், தலைவி கூற்றா, தோழி கூற்றா, எந்தச் சமயத்தில் சொன்னது என்று கேட்டுவிட்டுத்தான் தமிழாசிரியர் பாட்டுக்குள்ளேயே நுழைவார். 'யாயும் ஞாயும் யாராகியரோ' பாட்டைக் கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம். ஆனால் அதன் கூற்றுக் குறிப்பைப் படித்தால், இவன் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய பெண்ணைத் தேற்றத் தலைவன் சொன்னது என்று தெரியும். செம்மண்ணில் விழுந்த மழைக்கு அப்போது வேறு கனம் வந்துவிடுகிறது. கூற்று கேட்டுப் பாட்டுப் படிக்கிற பழக்கம் நம் வீட்டுச் சொத்து. ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் அதை ஏன் வாசலில் கழற்றி வைக்கச் சொல்கிறோம்?

பிளஸ் ஒன் புத்தகத்தில் ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்திலிருந்து எடுத்த 'த ஹாலோ கிரவுன்' பகுதிக்கும் இதே கதைதான். இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்ட் அயர்லாந்திலிருந்து ஒரு நாள் தாமதமாகத் திரும்புகிறான். அதற்குள் அவன் செத்துப்போனதாக நம்பி வேல்ஸ் படை கலைந்துவிட்டது. நம்பியிருந்தவர்களின் தலைகள் விழுந்துவிட்டன. தரையில் உட்கார்ந்து கல்லறைகளைப் பற்றிப் பேசுகிறான்; கிரீடத்தின் வளையத்துக்குள் மரணம் தர்பார் நடத்துகிறது, ஒரு சின்ன ஊசியால் கோட்டைச் சுவரைத் துளைத்துவிடுகிறது என்கிறான். அந்தப் பேச்சு முடிந்ததும் கார்லைல் பிஷப் சொல்கிறார்: அறிவுள்ளவர்கள் உட்கார்ந்து புலம்ப மாட்டார்கள், புலம்பல் வரும் வழியை அடைப்பார்கள். அங்கேயும் பேச்சுக்குப் பக்கத்திலேயே மறுபேச்சு. நாடகம் என்றால் அதுதானே. கூத்தில் ஒருவருடைய விருத்தத்தை மட்டும் பாடவிட்டு, எதிரே நிற்பவரை வாய் திறக்காதே என்று யாராவது சொல்வார்களா?

கவிதைகளுக்கும் இது பொருந்தும். வங்கக் கவிஞர் தோரு தத்தின் 'அவர் கேஷுவரினா ட்ரீ' பாடத்தை எடுக்கும் முன்னால், அவர் உடன்பிறந்தவர் என்று யாரும் மிஞ்சாமல் அண்ணனை 1865இலும் அக்காவை 1874இலும் பறிகொடுத்தவர், 1877இல் 21 வயதில் தானும் போய்ச் சேர்ந்தவர் என்று சொல்லிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். அந்தச் சவுக்கு மரம் ஏன் அவருக்கு அவ்வளவு வேண்டியதாக இருக்கிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லுவார்கள்.

சுமை கூடும் என்பீர்கள். மெல்லக் கற்கும் மாணவர்களை வைத்துக்கொண்டு தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்கிறவள் நான், சுமை என்ன என்று எனக்குத் தெரியும். இடம் தெரியாத 28 வரிகளை மனப்பாடம் செய்வதுதான் சுமை. கதை தெரிந்துவிட்டால் வரிகள் தானாக மனத்தில் உட்காரும். இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை.

அந்த ராத்திரிக்கு அடுத்த நாள் வகுப்பில் காட்சியை முழுவதும் சொன்னேன். பையன்கள் நடிக்கிறோம் என்றார்கள். ஜேக்விஸாக ஒருவன் ஜன்னல் ஓரம் நின்று, புத்தகத்தைப் பார்த்தே பேசினான். உச்சரிப்பு முன்னே பின்னேதான் இருந்தது. அவன் பேசுகிற நேரத்தில் இன்னொருவன் வகுப்பில் எல்லோரையும்விட ஒல்லியான பையனை உப்புமூட்டை தூக்கிக்கொண்டு வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து நடந்து வந்தான். மழைத்தண்ணீர் கிடந்ததால் மெதுவாகத்தான் வர முடிந்தது. ஜேக்விஸ் கடைசி வரிக்கு வந்தபோது இவர்கள் இன்னும் வாசலை எட்டவில்லை. அவன் 'சான்ஸ் டீத், சான்ஸ் ஐஸ்', அதாவது பல் இல்லை, கண் இல்லை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொன்னான், அவர்களுக்காகக் காத்துக்கொண்டு. யாரும் சிரிக்கவில்லை. பிரபு வேஷம் அந்த மூன்றாவது பெஞ்ச் பெண்ணுக்கு. இறக்கி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை அந்த ஒல்லிப் பையன் முன்னால் வைத்தாள். அவன் நிஜமாகவே சாப்பிட்டான்.

அந்த வருடம் அந்த வகுப்பில் இந்தப் பாடத்தைத் தேர்வுக்கென்று திரும்ப நடத்த வேண்டியிருக்கவில்லை.

ஆகவே, என் வேண்டுகோள். அடுத்த பதிப்பில், கவிதைக்கு முன்னால் அரைப் பக்கம், எளிய ஆங்கில உரைநடையில்: காட்டில் யார் இருக்கிறார்கள், யார் கத்தியோடு வந்தான், யாரைத் தேடிப் போனான், பிரபு என்ன சொன்னதால் ஜேக்விஸ் வாயைத் திறந்தான். கவிதைக்குப் பின்னால் ஆடமை இறக்கிவைக்கிற எட்டு வரிகள், ஷேக்ஸ்பியர் எழுதியபடியே. அதை மனப்பாடப் பகுதி ஆக்க வேண்டாம். வினாத்தாள் எடுக்கிறவர்களிடம் இன்னொன்று: 90 மதிப்பெண் தாளில் ஒரு கேள்வியாவது, ஜேக்விஸ் சொன்னதை நீ ஏற்கிறாயா, அடுத்து வருகிற காட்சியை வைத்துச் சொல் என்று இருக்கட்டும். ஏற்கிறேன் என்றாலும் மதிப்பெண், மறுக்கிறேன் என்றாலும் மதிப்பெண். இடஞ்சுட்டும் கேள்வியில், யார் யாரிடம் சொன்னது என்று எழுதுகிற பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் ஒதுக்குங்கள்.

இப்போதைக்கு அந்த எட்டு வரிகளை நானே ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு ஜூன் மாதமும் பிள்ளைகளுக்குக் கொடுத்து, பாடம் முடிகிற பக்கத்தின் அடியில் பசை போட்டு ஒட்டச் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் அது நடக்கிறது. மற்ற பள்ளிகளில் 'எதுவுமே இல்லை' என்ற இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அச்சிலேயே வந்துவிட்டால் யாரும் ஒட்ட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் முதுகலை ஆங்கில ஆசிரியை