கோரிக்கை மனு: ரேஷன் கடை வரை நடந்து போக வழி வேண்டும்

அனுப்புநர்:
பிரதான சாலையும் குறுக்குத் தெருக்களும் சேர்ந்த குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்

பொருள்: பிள்ளையார் கோயில் முனையிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை தடையில்லாத நடைபாதை அமைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் வேண்டியதெல்லாம் எங்கள் பிரதான சாலையிலேயே இருக்கிறது. பால் பூத், ரேஷன் கடை, மருந்துக் கடை, மாவு மில், தொடக்கப் பள்ளி, கடைசியில் பேருந்து நிறுத்தம். முனையிலிருந்து நிறுத்தம் வரை ஒரு கிலோமீட்டர்கூட வராது. ஆனாலும் கால் கிலோ தக்காளி வாங்கவே வண்டியை எடுக்கிறோம். சோம்பேறித்தனம் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. ஒரு நாள் மாலை ஆறு மணிக்கு இந்தச் சாலையில் நடந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

நடைபாதை என்று இங்கே இருப்பது மழைநீர் வடிகாலின் மூடிகள்தான். சாலையிலிருந்து ஒரு அடி உயரம். சில இடங்களில் ஒன்றரை அடி. வீட்டுக்கு வீடு கார் ஏறுவதற்குப் போட்ட சிமெண்ட் சரிவு குறுக்கே வருகிறது. மூடியைத் தூக்குவதற்கு வைத்த கம்பி வளையங்கள் மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் செருப்பு மாட்டும், சேலைக் கரை மாட்டும். மாவு மில்லுக்கு எதிரே ஒரு மூடி உடைந்துவிட்டது. யாரோ புண்ணியவான் அந்த ஓட்டையில் ஒரு முருங்கைக் கிளையைச் சொருகி வைத்திருக்கிறார். இப்போதைக்கு அதுதான் எச்சரிக்கைப் பலகை. அதைத் தாண்டினால் மின் பில்லர் பெட்டி, அப்புறம் டிரான்ஸ்பார்மர், அதை ஒட்டி வரிசையாக பைக்குகள். ஆகவே எல்லோரும் சாலையில் இறங்கித்தான் நடக்கிறோம், பின்னால் வரும் ஷேர் ஆட்டோவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

வடிகாலை ஏன் இவ்வளவு உயர்த்திக் கட்டுகிறீர்கள் என்று வேலைக்கு வந்தவர்களையே கேட்டோம். எப்படியும் அடுத்தடுத்துத் தார் ஏறும், சாலை உயர்ந்துவிடும், அதற்குச் சரியாகத்தான் கட்டுகிறோம் என்றார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். அதன்படி நடந்தால் இந்த உயரத்துக்கே தேவை இல்லை.

அரசு செய்யும் நல்லதும் இந்த இடத்தில் வந்து தட்டி நிற்கிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமில்லை. ஆனால் முழங்கால் வலி உள்ள பெண்கள் அந்தப் பேருந்தைப் பிடிக்க நிறுத்தம் வரை ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறார்கள். முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டுக்கே கொண்டு வரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. மனமார வரவேற்கிறோம். ஆனாலும் அவர்களுக்கு மருந்துக் கடைக்குப் போக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், நாலு பேரைப் பார்த்துப் பேச வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் இந்த மூடிகள்மேல் ஏறவே முடியாது.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்றும், அது மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம், 150 மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரம் என்பது, சாலைகளுக்கான தர விதிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் வழிகாட்டுதல். தியாகராய நகர் பாண்டி பஜாரில் 2019-ல் திறந்தது போன்ற நடைபாதை வளாகம் எங்களுக்கு வேண்டாம். அலங்கார விளக்கும் இருக்கையும் வேண்டாம். ஏறி இறங்காமல் ஒரே சீராகப் போகிற பாதை போதும்.

உடைந்த மூடியை இந்த வாரமே மாற்றித் தர வேண்டும். மற்றதற்குக் காத்திருக்கலாம், அதற்குக் காத்திருக்க முடியாது. பில்லர் பெட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் ஓரம் தள்ளி வைக்க வேண்டும். காருக்கான சரிவுகளை அவரவர் காம்பவுண்டுக்குள் அமைத்துக்கொள்ளும்படி அறிவிப்புக் கொடுக்கலாம். மனுவில் கையெழுத்திட்டவர்களில் சிலர் வீட்டிலும் அப்படிச் சரிவு உண்டு, எடுத்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். பள்ளி வாசலில் வரிக்குதிரைக் கோடும் வேகத்தடையும் வேண்டும்.

ஒன்றை மட்டும் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். ஆக்கிரமிப்பு அகற்றம் என்றால் முதலில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் முனையில் கீரை விற்கும் அம்மாதான். அவரும் பூக்கடைக்காரரும் எங்களுக்கு இடைஞ்சல் இல்லை. அவர்கள் இருப்பதால்தான் இருட்டிய பிறகும் பெண்கள் அந்த முனையில் தைரியமாக நிற்க முடிகிறது. 2014-ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டப்படி அவர்களுக்கு அங்கேயே இடம் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

ஒவ்வொரு துறையிடமும் தனித்தனியாகப் போனால் அடுத்த துறையைக் கை காட்டுவார்கள் என்பதால், மாநகராட்சிப் பொறியாளர், மின்வாரியப் பொறியாளர், போக்குவரத்துக் காவல் அதிகாரி ஆகிய மூவரும் ஒரே நாளில் எங்களோடு இந்தச் சாலையில் நடந்து பார்வையிடத் தாங்கள் உத்தரவிட வேண்டும். தேதியை முன்கூட்டியே தெரிவித்தால் தெருவாசிகள் அனைவரும் வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதி மக்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், புகைப்படங்கள், சாலையின் கைவரைபடம்
நகல்: மாமன்ற உறுப்பினர்