மாரிக்கு, மலேசியா சுங்கை சிப்புட்டிலிருந்து

மாரி,

நலம்தான். முட்டி வலி அப்படியே இருக்கிறது, சர்க்கரையைப் பற்றிக் கேட்காதே.

நம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி இடம் மாறப் போகிறது. ஒன்றாம் ஆண்டில் மூன்றே பிள்ளைகள். பள்ளி லைசென்ஸைப் புதுத் தாமானுக்கு, அந்தக் குடியிருப்புப் பகுதிக்குக் கொண்டுபோகிறார்கள். கூட்டத்தில் ஒரே கைத்தட்டல். நானும் தட்டினேன். கம்பெனி நிலம் என்பதால் இன்னும் அரசாங்கத்தின் பகுதி உதவிதான். கூரை ஒழுகினால் பள்ளி வாரியம் விருந்து வைத்து வசூல் பண்ண வேண்டும். உனக்குத் தெரியாததா?

ஆனால் ஒன்று மண்டையைக் குடைகிறது. பேத்தியை ஏற்றிவர மோட்டாரில் போகும்போதெல்லாம் பள்ளி வேலிக்கு வெளியே ஒரு பெண்பிள்ளையைப் பார்க்கிறேன். ஏழெட்டு வயது இருக்கும். அப்பன் இந்தோனேசியாக்காரன், செம்பனைக் குலை வெட்டுகிறான். உங்கள் பழைய லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார்கள். உள்ளே வாய்ப்பாடு சொன்னால் இதுவும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே சொல்கிறது, தமிழில்! பத்திரம் இல்லை. அதனால் பள்ளியும் இல்லை.

பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வை என்றது 1923 தொழிலாளர் சட்டம். வெள்ளைக்காரன் தர்மத்துக்கா செய்தான்? ஆள் குடும்பத்தோடு நிலைக்கட்டும் என்றுதான். தோட்டத்து ஆபீஸ் கிராணியே வாத்தியார், நாலெழுத்தோடு சரி, அப்புறம் ரப்பர் பால்வாளி. அந்த ஓட்டைச் சட்டம்கூடத் தலையைத்தான் எண்ணியது, குடியுரிமை கேட்கவில்லை. நம் தாத்தாக்களிடம் என்ன பத்திரம் இருந்தது, சொல்? 2003-இல் ஆரம்பக் கல்வியைக் கட்டாயமாக்கினார்கள், அதுவும் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும்.

உன் தங்கச்சியிடம் சொன்னேன். "நம்ம பிள்ளைகளுக்கே வழியைக் காணோம், இவர் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ட்டார்" என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தமிழ்ப் பள்ளி முடித்து மலாய் பழக ரிமூவ் வகுப்பில் ஒரு வருஷத்தைத் தொலைத்த நம் செட்டில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தைப் பார்த்தோம்? முனியனைக் கேள், கெட்ட வார்த்தையில் பதில் சொல்வான்.

கல்வி இலாகாவில் முப்பது வருஷம் நாற்காலி தேய்த்தவன் நீ. அந்தப் பிள்ளையைச் சேர்க்க எந்த விண்ணப்பப் பாரம், யார் கையெழுத்து, விசாரித்து எழுது. வழியே இல்லை என்றால், பள்ளி காலியானதும் அதே கட்டடத்தில் சாயங்கால வகுப்பு நடத்த மேனேஜரிடம் கேட்கப்போகிறேன். லயத்தில் அந்த மாதிரி இன்னும் நாலைந்து உருப்படி சுற்றுகிறது. நீ வந்தால் மலாய் சொல்லிக்கொடு. கணக்கு என்னோடு இருக்கட்டும். கணக்கில் நீ வாங்கிய மார்க்கைச் சிகப்பியக்கா இன்னும் மறக்கவில்லை.

ராமு