எங்கள் தெருக் குழாயில் பிடித்துச் சோதியுங்கள்: குடிநீர் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்குப் பொறுப்பான மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் குடிநீரோடு சாக்கடை கலந்து வருவது தங்களுக்குப் புதிய செய்தியன்று. மனுக்கள் தங்கள் மேசையில் இருக்கின்றன. பொறியாளர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆகவே பின்னணியை மறுபடி விவரிக்காமல், இம்மடலை எழுத வைத்ததை மட்டும் சொல்கிறேன். சென்ற வாரம் எங்கள் தெருப் பெண்கள் சிலர் பாட்டிலில் பிடித்த தண்ணீரோடு அலுவலகத்துக்கு வந்தபோது, அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அலுவலர், நீரேற்று நிலையத்தில் எடுத்த மாதிரி சரியாகவே இருக்கிறது என்றும், காய்ச்சிக் குடியுங்கள் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

காய்ச்சிக் குடிப்பது எங்களுக்குத் தெரியாததன்று. விடியற்காலையில் தண்ணீர் விடும்போது அடிபம்பில் முதலில் காற்றும், பிறகு கறுத்த நீரும் வரும். அதைக் குடம் குடமாகக் கொட்டிய பின் தெளிந்தாற்போல் வருவதைத்தான் பிடித்து வைக்கிறோம். சற்று நேரத்தில் குடத்தின் அடியில் கருமையாகப் படியும். மேலே மெல்லிய ஏடு கட்டும்.

எங்கள் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு மூன்று வயது இன்னும் நிரம்பவில்லை. வயிற்றுப்போக்கு நிற்காமல் கண்கள் உள்வாங்கிய நிலையில் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றார்கள். அங்கே உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலங்களும் 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரைகளும் கொடுத்து, ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டச் சொன்னார்கள். கடையில் வாங்கிய கேன் தண்ணீர் இரவுக்குள் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி அந்தத் தாய் குடத்துத் தண்ணீரையே நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆற வைத்து, கரைசலைக் கலந்து கொடுத்தார். கிருமி செத்திருக்கலாம், நாற்றம் போகவில்லை. "நாத்தம்மா" என்று குழந்தை டம்ளரைத் தள்ளிவிட்டது. உடம்பில் நீர் வற்றிக் கிடக்கும் குழந்தை, உயிர் காக்கும் கரைசலை வாயில் வைக்க மறுக்கும்போது ஒரு தாய் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அந்த அலுவலர் சொல்லியிருக்கலாம்.

அதே தண்ணீரில்தான் குழந்தைகள் வாய் கொப்பளிக்கிறார்கள், குளிக்கிறார்கள், தட்டுக் கழுவுகிறார்கள். அதையெல்லாம் காய்ச்சிச் செய்ய எந்த வீட்டு சிலிண்டரும் தாங்காது. டைபாய்டும் மஞ்சள் காமாலையும் இந்த வழியாகவே வருகின்றன. வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வரும் குழந்தைக்குக் குடலின் உட்சுவர் பழுதுபட்டு, உண்ட உணவின் சத்து உடம்பில் ஒட்டுவதில்லை. வயதுக்குரிய உயரமும் எடையும் இல்லாமல் அது வளர்வதைக் கண்டு, சோறு போதவில்லை போலும் என்று தாயையே குறை சொல்கிறார்கள்.

நீரேற்று நிலையத்தில் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. அது கெடுவது எங்கள் தெருவில். தண்ணீர் விடாத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. பக்கத்தில் பாதாளச் சாக்கடை அடைத்துக் கசிகிறது. பழைய குழாயின் இணைப்புகளிலும் விரிசல்களிலும் அந்தக் கசிவு உள்ளே புகுந்துவிடுகிறது. போதாத அழுத்தத்தால் நாங்கள் பம்பை அடித்து இழுக்கும்போது அதையும் சேர்த்தே இழுக்கிறோம். கலந்திருக்கும் குளோரினை அந்தக் கழிவே தின்று தீர்த்துவிடுகிறது. இதை எழுதுவதற்கு வருந்துகிறேன். இது தங்கள் பொறியாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டிய பாடமன்று.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில், மலக்கழிவு கலந்ததைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை கிருமி தென்படவே கூடாது. குளோரின் கலந்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும், அதையும் நுகர்வோர் பிடிக்கும் இடத்தில்தான் சோதிக்க வேண்டும். நாங்கள் கேட்பதும் அதுவே. எங்கள் தெருக்கோடிக் குழாயில், தண்ணீர் விடும் நேரத்தில், எங்கள் கண்ணெதிரில் மாதிரி எடுத்துச் சோதியுங்கள்.

நகரத்துக் குப்பை கொடுங்கையூரில் குவிகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் எண்ணூரில் சேர்கிறது. மணலி ஆலைகளின் புகை எங்கள் மூக்கில் ஏறுகிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010 முதல் இருக்கிறது. நகரத்துக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியும் வடக்கேதான். நகரத்தின் அழுக்கை இத்தனை காலம் சுமந்த வடசென்னைக் குழந்தைக்கு, ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் கேட்க மனுப் போட வேண்டியிருக்கிறது என்பது என் நெஞ்சை அறுக்கிறது. இவை எல்லாம் தங்கள் துறையின் பொறுப்பல்ல என்பதை அறிவேன். குழாய் தங்கள் பொறுப்பு.

ஆகவே தங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தெருக்கோடிக் குழாயில் நீரைச் சோதித்து, முடிவைத் தெருமுனையில் ஒட்டுங்கள். கலக்கும் இடத்தைத் தோண்டிக் கண்டுபிடித்து, ஒட்டுப்போடாமல் குழாயையே மாற்றுங்கள். சாக்கடை அடைப்பை இயந்திரத்தைக் கொண்டு எடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்காக இன்னொரு வீட்டுப் பிள்ளையைக் குழிக்குள் இறக்க வேண்டாம். வேலை முடியும் வரை லாரித் தண்ணீரை நாள்தோறும், பெண்கள் வேலைக்குக் கிளம்பும் முன் அனுப்புங்கள். மாதிரி எடுக்க வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால், எந்நேரமானாலும் நாங்கள் குழாயடியில் இருப்போம்.

இப்படிக்கு,
கொருக்குப்பேட்டையில் வசிக்கும் ஒரு தாய்