793-இலிருந்து தொடங்கு

அன்புள்ள சேகர்,

கட்டுரை வரைவு வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம், மழைதான் இன்னும் விட்டபாடில்லை. நேராக உன் கட்டுரையின் நாயகர், பிராங்க் அரசர் சார்லமேனுக்கு வந்துவிடுகிறேன்.

800 கிறிஸ்துமஸ் அன்று ரோமில் போப் மூன்றாம் லியோ அவருக்குப் பேரரசராக முடிசூட்டியதில் தொடங்குகிறாய். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் 793-ஐ எடு. தொட்டதெல்லாம் தவறிய வேளையில்தான் அந்த மனிதர் எப்படி ஆண்டார் என்பது தெரிகிறது.

791-இல் டான்யூப் சமவெளியை ஆண்ட ஆவார் இனத்தார்மீது படையெடுத்தபோது கொள்ளைநோய் வந்து குதிரைகளில் பத்தில் ஒரு பங்கு மிஞ்சியதே அரிது. மறு ஆண்டு மூத்த மகன் கூனன் பிப்பினின் சதி. அதற்கடுத்து பஞ்சமும் சாக்சன் இனத்தாரின் கிளர்ச்சியும். இதற்கு நடுவில், விஷயம் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொண்ட சிலர் பேச்சைக் கேட்டு, டான்யூபில் சேரும் ஆல்ட்முல் ஆற்றையும், மைன் வழியாக ரைனுக்குப் போகும் ரெசாட் ஆற்றையும் இணைக்கக் கால்வாய் வெட்டப் போனார். இடைவெளி சில கிலோமீட்டர்தான். மண் சதுப்பு, மழையோ ஓயவில்லை; பகலில் அள்ளிய மண் இரவில் சரிந்து மீண்டும் பள்ளத்திலேயே விழுந்தது. கைவிட்டார்கள். அகலம் 300 அடி என்று ஆண்டுக்குறிப்பு சொல்வதை அப்படியே எழுதியிருக்கிறாய். அகழாய்வில் தெரிந்த நீர்வழி சுமார் 5 மீட்டர்தான். கரையைத் தாங்க அடித்த ஓக் கட்டைகளின் வளையங்கள் மட்டும், மரம் வெட்டிய ஆண்டாக 793-ஐயே காட்டுகின்றன.

794 ஜூனில் பிராங்பர்ட்டில் அவர் கூட்டிய சபை. சமயச் சர்ச்சையை நீ விரிவாக எழுதிவிட்டாய். விலைப் பட்டியலை ஒரே வரியில் தாண்டிவிட்டாயே! ஒரு மோடியஸ் (தானிய அளவை) ஓட்ஸ் 1 தெனாரியஸ் (வெள்ளிக் காசு), பார்லி 2, ரை 3, கோதுமை 4. இதற்கு மேல் யாரும் விற்கக் கூடாது, விளைச்சல் நிறைந்தாலும் பொய்த்தாலும். அரசரின் களஞ்சியத்தில் கோதுமை 3 தெனாரியஸ்தான். ரொட்டிக்கும் விலை உண்டு: 2 பவுண்டு எடையுள்ள கோதுமை ரொட்டி 12, ரை என்றால் 15, பார்லி 20, ஓட்ஸ் 25, எதை எடுத்தாலும் ஒரு தெனாரியஸ். அரச நிலத்தை அனுபவிப்பவர் தம் அடிமைகள் பட்டினியால் சாகாமல் பார்த்துக்கொண்ட பிறகே மிச்சத்தை விற்கலாம்.

அதே சபை புதிய தெனாரியஸ் காசையும் கட்டாயமாக்கியது. பழையது சுமார் 1.3 கிராம், புதியது 1.7. ஒரு பவுண்டு வெள்ளிக்கு 240 காசு, 12 காசு ஒரு சாலிடஸ். வாங்க மறுக்கும் சுதந்திர மனிதனுக்கு 15 சாலிடஸ் அபராதம். அதாவது 180 காசு. கோதுமை ரொட்டியாக எண்ணினால் 2,160. அவ்வளவு கடுமை ஏன் என்று யோசி. காசை ஆளுக்கொரு மதிப்பில் வாங்கினால் மேலே சொன்ன விலை வரம்பு ஒன்றுக்கும் உதவாது. இரண்டையும் ஒரே பத்தியில் வை.

வரம்பு நிலைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடு. 806-இல் மீண்டும் பஞ்சம் வந்தபோது, நைமேகனில் அவரே கோதுமையை 6 தெனாரியஸாகவும் ஓட்ஸை 2 ஆகவும் உயர்த்தினார். விளையாத ஆண்டில் பழைய விலைக்கு எவன் மூட்டையை வெளியே எடுப்பான்?

இன்னொரு திருத்தம். பிப்பினைக் கொன்றதாக எழுதியிருக்கிறாய். கூட்டாளிகளில் சிலரைத்தான் கொன்றார்கள். அவனுக்குத் தலையை மழித்து ப்ரூம் மடத்தில் அடைத்தார்கள். 811 வரை உயிரோடு இருந்தான்.

திருத்திய பிரதியை அனுப்பு.

அன்புடன்,
கண்ணன்