மன அழுத்தம் தொடங்குவது டியூட்டி சார்ட்டில்

ஆசிரியருக்கு வணக்கம்.

செவிலியர்களின் மன அழுத்தம் என்று பேச்சு வந்தாலே பல மருத்துவமனைகள் யோகா வகுப்புக்கு ஏற்பாடு செய்கின்றன. மூச்சுப் பயிற்சி நல்லதுதான். ஆனால் அழுத்தம் பிறக்கும் இடமான டியூட்டி சார்ட்டில் யாரும் கை வைப்பதில்லை. பணியிட மனநலம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தந்த வழிகாட்டுதலும் வேலை முறையைத் திருத்தச் சொல்கிறது.

ஷிப்ட் காலை, மாலை, இரவு என்ற வரிசையில் சுழல வேண்டும். உடல் கடிகாரத்தின் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே அதிகம் என்பதால், தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம். முன்னுக்கு இழுப்பது கடினம். மாலை டியூட்டி முடித்தவரை மறுநாள் காலைக்குப் போடும்போது நடப்பதைப் பாருங்கள். தாளில் இரவு 8 மணிக்கு முடிகிறது. நோயாளிகளை ஒப்படைத்து, கேஸ் ஷீட் எழுதி முடிக்க 8.45. பஸ் பிடித்து வீடு சேர 10. காலை 7 மணி டியூட்டிக்கு 5 மணிக்கே எழ வேண்டும். தாளில் 11 மணி நேர ஓய்வு; சாப்பிட்டுப் படுத்தால் தூக்கம் 6 மணி நேரம்கூடத் தேறாது. ஒப்படைக்கும் நேரத்தையும் பணி நேரமாக எழுதினாலே இந்தக் குறை வெளிப்பட்டுவிடும்.

இரவு டியூட்டி தொடர்ந்து மூன்றுக்கு மேல் வேண்டாம். பகல் தூக்கம் குறைவாகவும் விட்டுவிட்டும் வருவதால், தூக்கப் பாக்கி நாளுக்கு நாள் ஏறும். விடியற்காலை 3 முதல் 5 மணி வரை கவனம் மிகவும் மங்கும். அந்த நேரத்தில் இன்சுலின், ஹெபாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தான மருந்துகளைக் கொடுக்கும் முன் இருவர் சரிபார்ப்பது கட்டாயமாக வேண்டும். வேலையைப் பார்த்துக்கொள்ள ரிலீவர் (மாற்றுச் செவிலியர்) ஒருவர் இருந்தால் 3 மணிக்கு முன்பே முறை வைத்து 20 நிமிடம் கண்ணயரலாம். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுப்பப்பட்டு மந்தமாகிவிடும். கடைசி டீயும் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பே முடியட்டும்.

வேலை கூடி, அதில் தன் சொல் எடுபடாமலும் போகும்போதுதான் ஆள் சாய்கிறார். இரண்டு வாரம் முன்பே சார்ட்டை ஒட்டுங்கள். இருவர் ஒத்துக்கொண்டு டியூட்டி மாற்றிக்கொண்டால், வார்டு இன்சார்ஜிடம் தெரிவித்தால் போதும் என்று வையுங்கள். செலவே இல்லாத இந்த இரண்டையும்கூட மறுப்பது நியாயமில்லை.

வார ஓய்விலும் தூக்கம் வராமல், நோயாளிகள் மீதே வெறுப்பு வருவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
செவிலியர் பயிற்றுநர்கள், மதுரை