படத்தில் தெரியாத புகை

மண்டபம்,
ஆனி 20

அன்புள்ள செல்வத்துக்கு,

இங்கு அனைவரும் நலம். சின்னவன் கல்யாணச் செய்தியை அவனே உனக்கு எழுதுவான்.

செயற்கைக்கோள் படத்தில் காட்டுத்தீப் புகை விலகிவிட்டது என்று நம்பி, கனடாவின் வின்னிபெக்கில் விடியற்காலையில் நீ நடக்கப் போனதையும், அன்று முழுவதும் இருமிக்கொண்டே கிடந்ததையும் தங்கச்சி தொலைபேசியில் சொன்னதிலிருந்து எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. நீ பார்க்கும் அதே படங்களைத்தான் நானும் தினமும் பார்க்கிறேன். அவற்றில் எது தெரியாது என்பதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

உன் ஊரில் பொழுது சாயும் நேரம் எனக்குக் காலை எட்டு மணி. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி புகைத்துகளில் பட்டுச் சாய்வாகச் சிதறுவதால், உச்சிவெயிலில் கண்ணுக்கே படாத மெல்லிய புகையும் அப்போது தெளிவாகத் தெரியும். சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிற்கும் அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள் 10 நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கிறது. அவற்றை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், மேகங்கள் திரண்டு திரண்டு கலையும்போது, புகை மட்டும் மங்கிய பழுப்பு நிறத்தில் காற்றின் போக்கில் நீண்டுகொண்டே போவதைக் காணலாம். ஆனால் இருட்டியதும் இந்த வித்தை நின்றுவிடும். அகச்சிவப்புப் படத்தில் எரியும் தீ தெரியுமே தவிர, புகை பெரும்பாலும் தெரியாது. நீ செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிய நேரத்தில் உன் கையிலிருந்தது முந்தைய நாள் மாலைப் படம். இரவில் காற்று எதைக் கொண்டுவந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அதைவிடப் பெரிய சிக்கல் உயரம். நம் ஊர்ப்பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுவார்களே, அதை நினைத்துப்பார். காற்று அசையாத விடியலில் அந்தப் புகை தரையோடு படிந்து, பஸ்ஸுக்கு நிற்பவர்களின் கண்ணை எரிக்கும்; வெயில் ஏறியதும் மேலெழும்பி, கச்சான் காற்று பிடித்ததும் கடலுக்குப் போய்விடும். மேலிருந்து பார்க்கும் கருவிக்கு இரண்டும் ஒரே சாம்பல் திட்டுதான். லேசர் ஒளியை அனுப்பிப் புகையின் உயரத்தை அளக்கும் கலிப்சோ செயற்கைக்கோள் 2006 முதல் 2023 வரை இயங்கியது. 2024-இல் அதே வகையில் அளக்கும் எர்த்கேர் ஏவப்பட்டது. ஆனால் அவை தாம் கடந்து போகும் பாதைக்கு நேர்கீழே ஒரு மெல்லிய கோட்டைத்தான் அளக்கும். உன் தெரு அந்தக் கோட்டில் விழும் என்று காத்திருக்க முடியாது.

2023-ஐ நீ மறந்திருக்க மாட்டாய். நம் தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகமான காடு கனடாவில் அந்த ஒரே வருடத்தில் எரிந்தது. ஜூன் 7 அன்று நியூயார்க் வானம் ஆரஞ்சு நிறமானதற்குக் காரணம் கனடாவின் கியூபெக் மாகாணத்துப் புகை தரைமட்டத்துக்கே இறங்கியதுதான். அதே மாதக் கடைசியில் புகை அட்லாண்டிக்கைத் தாண்டி ஐரோப்பாவுக்கும் போய்ச் சேர்ந்தது; ஆனால் பெரும்பகுதி உயரத்திலேயே சென்றதால், அங்கே வானம் மங்கியதே தவிர, நியூயார்க்கைப்போல் மூச்சு முட்டவில்லை. ஒரு கண்டத்தையும் ஒரு கடலையும் தாண்டிய புகையை அத்தனை தூரம் பின்தொடர முடிந்த அந்தப் படங்களை நான் இன்றும் வியந்துதான் பார்க்கிறேன். புகை எங்கே போகிறது என்று சொல்வதில் அவற்றுக்கு ஈடில்லை. நீ எதைச் சுவாசிக்கிறாய் என்று அவற்றிடம் கேட்காதே, அவ்வளவுதான்.

அதற்குத் தரையில் வைத்த கருவி இருக்கிறது. வெளியே கிளம்புமுன் உன் வட்டாரத்தின் பிஎம் 2.5 அளவை, அதாவது காற்றில் கலந்துள்ள மிக நுண்ணிய துகள்களின் அளவைப் பார். ஒரு நாள் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதிகமிருந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே நட. போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசத்தோடு போ. பள்ளிக்கூடக் காலத்துப் பிடிவாதத்தை இதில் காட்டாதே, செல்வம்.

தினமும் காலையில் அந்த எண்ணை எனக்கு அனுப்பு. முந்தைய மாலைப் படத்தோடு அதை ஒப்பிட்டு எழுதி வைக்க ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்